கொம்பும் சிறகும்: 'சாகா' முதல் தொகுதி

'சாகா' என்னும் ஆங்கிலச் சித்திரக்கதைத் தொடரின் முதல் தொகுதி கிருஷ்ணகிரிக் கடைகளில் நான் கேட்டவரை கிடைக்காததால் இணையத்தில் வரவழைத்தேன். மேல் மூலை மடங்கி வந்தது அனுப்பியவரின் பிழை, படைப்பின் பிழையன்று.

பிரையன் கே. வாகன் எழுதி ஃபியோனா ஸ்டேபிள்ஸ் வரைந்த இத்தொடர் 2012-இல் இமேஜ் காமிக்ஸ் வெளியீடாகத் தொடங்கியது. முதல் ஆறு இதழ்களைத் திரட்டிய இத்தொகுதி 2013-இல், அறிவியல் புனைவு, மிகுபுனைவுப் படைப்புகளுக்கு வழங்கப்படும் ஹியூகோ விருது பெற்றது. லேண்ட்ஃபால் கோளைச் சேர்ந்த சிறகுடைய அலானாவும், அதன் நிலவான ரீத்தைச் சேர்ந்த கொம்புடைய மார்க்கோவும் காவலரும் கைதியுமாகச் சந்தித்துக் காதலித்து, கைக்குழந்தையோடு இரு தரப்பிடமிருந்தும் தப்பி ஓடுகிறார்கள். கோளுக்கும் நிலவுக்கும் நடக்கும் போரில் ஒன்றை அழித்தால் மற்றது பாதை தவறிவிடும் என்பதால் அந்தப் போரைப் பிற கோள்களின் தலையில் கட்டிவிட்டார்கள் என்னும் கற்பனை என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. சாதி பார்த்துத் துரத்தும் உறவினரைப் பற்றி நாளிதழில் படித்துப் பழகிய நமக்கு இந்த ஓட்டம் அந்நியமாகத் தோன்றாது.

வளர்ந்துவிட்ட மகள் ஹேசல் கதை சொல்கிறாள். அவளுடைய சொற்கள் கட்டத்துக்குள் அடைபடாமல், ஓவியரின் கையெழுத்திலேயே படத்தின் மீது மிதக்கின்றன. எவரேனும் பொய் சொன்னால் 'பொய்' என்று மட்டும் உறுமும் பெரிய நீலப் பூனை வரும் பக்கங்களை இருமுறை படித்தேன்.

கூலிக் கொலையாளிகளின் கிளைக்கதை சற்று இழுக்கிறது. நிர்வாணமும் வன்முறையும் தாராளமாக இருப்பதால், லயன், முத்து காமிக்ஸ் வரிசையில் வைத்துச் சிறுவர் கையில் கொடுத்துவிட வேண்டாம்.