நாய்கள் தங்கும் அறைக்குப் பினாயிலா, ப்ளீச்சா?

வீட்டிலேயே பிறர் நாய்களைத் தங்கவைப்பவர்கள் பெரும்பாலும் பினாயிலைத்தான் நம்புகிறார்கள். மலிவு, வாசனை நிற்கும், ஈயும் குறையும். ஆனால் பார்வோ வைரஸிடம் அது பலிப்பதில்லை. தரையில் பல மாதங்கள் உயிர்ப்போடு கிடக்கும் இந்தக் கிருமி, தடுப்பூசி முடியாத குட்டியைச் சில நாளில் கொன்றுவிடும். பினாயில் ஈரம் காயாத தரையில் நடந்த நாய் பாதத்தை நக்கினால் எச்சில் ஒழுகும், வாந்தி வரும். பூனையும் இருக்கும் வீடென்றால் பீனால் கலந்த பினாயில் வேண்டவே வேண்டாம்.

ப்ளீச் பார்வோவைக் கொல்லும், முறை தவறாவிட்டால். மலம், மூத்திரம், முடியை அள்ளிச் சோப்புநீரால் கழுவி அலசிய பிறகே ஊற்ற வேண்டும். அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துபோகும். மூத்திரத்தின் மேல் நேராக ஊற்றினால் நெஞ்சை அடைக்கும் வாயு கிளம்பும். ஆசிட் கலந்த கழிப்பறைத் திரவத்தோடு சேர்ந்தால் இன்னும் ஆபத்து.

அளவு: 5 சதவீதத் திரவ ப்ளீச் என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு 30 முதல் 35 மி.லி. தரை 10 நிமிடம் நனைந்தபடியே இருக்கட்டும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்ததும் நாயை விடுங்கள். கலவையை அன்றன்றைக்குத்தான் கலக்க வேண்டும். திறந்து நாளான ப்ளீச்சிங் பவுடர் வீரியம் இழந்திருக்கும், அதை நம்பாதீர்கள்.

தினசரி துடைப்புக்குச் சோப்புநீர் போதும். ஒரு நாய் கிளம்பி அடுத்தது வரும் இடைவெளியிலும், இரத்தபேதி கண்ட நாளிலும் ப்ளீச்தான். பினாயிலை வாசல் வடிகாலோடு நிறுத்திக்கொள்ளலாம்.