யூனிசன் அரசியல் நிதி: சந்தாவுக்கு ஏற்ற சேவையா?

பிரிட்டனின் பெரிய பொதுத்துறைத் தொழிற்சங்கமான யூனிசன், உறுப்பினர் சந்தாவிலிருந்து அரசியல் பணிகளுக்குச் செலவிடும் இரண்டு அரசியல் நிதிகளை நடத்துகிறது: ஒன்று லேபர் கட்சியோடு இணைந்தது, மற்றது கட்சி சாராத பிரசாரங்களுக்கானது. எதில் சேர்வது என்பதை உறுப்பினரே தீர்மானிக்கலாம், இரண்டையும் மறுக்கலாம் என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய நிறை.

குறை முதல் நிதியில் இருக்கிறது. 1900இல் தொழிற்சங்கங்களும் சோசலிச அமைப்புகளும் சேர்ந்து உருவாக்கிய குழுவே பின்னர் லேபர் கட்சியானது. ஆனால் 2010இல் பதவியேற்ற கன்சர்வேடிவ்–லிபரல் டெமாக்ரட் கூட்டணி அரசு பொதுத்துறை ஊதிய உயர்வை முடக்கியபோது, அதை நீக்குவதாக வாக்குறுதி தரக்கூட 2012இல் எதிர்க்கட்சியாக இருந்த லேபரின் தலைமை முன்வரவில்லை. 2025இல் பர்மிங்காம் துப்புரவுத் தொழிலாளர்கள் (அவர்கள் யுனைட் என்ற வேறொரு சங்கத்தினர்) வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, எதிர்த்தரப்பில் நின்ற மாநகராட்சி லேபர் வசமே இருந்தது. சம்பளம் தரும் முதலாளியே அரசாக இருக்கும் துறையில், அந்த அரசை நடத்தும் கட்சிக்குச் சந்தா கட்டுவது எதிராளியின் வக்கீலுக்கு நாமே கட்டணம் கொடுப்பதைப் போன்றது. புதிய தொழிலாளர் கட்சி வேண்டும் என்ற குரல் பொதுத்துறைச் சங்கங்களில் எழுவதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

மாற்று இன்னும் கடைக்கு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரயில்வே தொழிற்சங்கத் தலைவர் பாப் குரோ உள்ளிட்டோர் 2010இல் தொடங்கிய தொழிற்சங்க சோசலிசக் கூட்டணி ஒரு நாடாளுமன்றத் தொகுதியைக்கூட வென்றதில்லை. ஒரு தொகுதியில் அதிக வாக்கு பெற்றவரே வெற்றி என்ற தேர்தல் முறை சிறு கட்சிகளை எளிதில் நசுக்கிவிடுகிறது. ஆகவே, இப்போதைக்கு இரண்டாவது நிதியையே பரிந்துரைக்கிறேன்.