விருப்பச் செயல்திட்ட வகுப்புக்கு மைக்ரோபிட் வாங்கலாமா?

மலேசியாவில் ஆறாம் ஆண்டு முடிவில் எழுதப்பட்ட யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அதன்பின் ஆறாம் ஆண்டு வகுப்பில் வாரம் ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளின் சொந்த யோசனைகளுக்கு ஒதுக்க நினைக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு எங்கள் பரிந்துரை மைக்ரோபிட் என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை. ஆனால் பலகையை மட்டும் வாங்குங்கள். சக்கரம் பூட்டிய ஆயத்த ரோபோ பெட்டி வேண்டாம். அதைப் பிரித்தால் பதினைந்து குழுவும் ஒரே காரைத்தான் செய்யும்; யோசனை பெட்டியை விற்றவருடையதாகிவிடும். வெறும் பலகையும் அட்டைப்பெட்டியும் இருந்தால் ஒருவர் கறிவேப்பிலைச் செடிக்கு ஈரமானி செய்வார், இன்னொருவர் பூப்பந்துக்குப் புள்ளிப் பலகை செய்வார்.

25 விளக்குகள், இரண்டு பொத்தான்கள், அசைவுமானி, திசைகாட்டி எல்லாம் பலகையிலேயே உண்டு. 2020இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒலிபெருக்கியும் ஒலிவாங்கியும் சேர்ந்தன. இதற்கு நிரல் எழுதும் மேக்கோட் என்ற தளம் உலாவியிலேயே ஓடுவதால் கணினி அறையில் எதையும் நிறுவ வேண்டியதில்லை.

முதல் நாள் சிக்கல் பெரும்பாலும் கம்பியால் வரும். கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டுமே உதவும் யூஎஸ்பி கம்பியைச் செருகினால் பலகை ஒளிரும், கணினியில் மட்டும் தெரியாது. பலகை பழுது என்று ஒதுக்கிவிடாதீர்கள். தரவுக் கம்பியா என்று பாருங்கள். செருகும்போது பின்புற மீட்டமைப்புப் பொத்தானில் விரல் பட்டால் 'மெயின்டனன்ஸ்' என்ற இயக்ககம் தோன்றும். கழற்றி, பொத்தானைத் தொடாமல் மறுபடி செருகினால் போதும்.

அடுத்தது, வேலை காணாமல் போவது. கணக்கில் உள்நுழையாவிட்டால் மேக்கோட் நிரலை அந்தக் கணினியின் உலாவியில்தான் வைத்திருக்கும். அடுத்த வாரம் வேறு கணினியில் உட்கார்ந்தால் ஒன்றும் இருக்காது. பலகையில் ஏற்றியதைக் கோப்பாகத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே மேக்கோட் தரும் நிரல் கோப்பான ஹெக்ஸ் கோப்பை விரலியில் (பென் டிரைவில்) சேமிக்கச் சொல்லுங்கள். அதை மேக்கோட்டில் மறுபடி திறந்து தொடரலாம்.

ஈரமானிக்கு இரண்டு துத்தநாகம் பூசிய ஆணிகளும் இரண்டு முதலைக் கவ்விகளும் போதும். பலகையின் விளிம்பில் எண்ணிட்ட இணைப்பு முனைகள் உண்டு: ஓர் ஆணி முனை 1இல், மற்றது முனை 2இல். முனை 0 வேண்டாம்: இசை ஒலிக்கும்போது அதன் மின்குறி முனை 0க்கும் போகும், அளவீடு கெடும். முனை 2க்கு மின்சாரம் கொடுத்து, முனை 1ஐ வாசித்து, உடனே முனை 2ஐ அணைக்க வேண்டும். 3 வோல்ட் முனையில் நிரந்தரமாகக் கட்டினால் ஈரமண்ணில் மின்பகுப்பு நடந்து ஆணி அரித்துவிடும். வாசிப்பு 0 முதல் 1023 வரை வரும். வறண்ட மண்ணிலும் நனைந்த மண்ணிலும் பிள்ளைகளே அளந்து எல்லையைக் குறிக்கட்டும். அறிவியல் பாடம் அங்கேதான் இருக்கிறது.

கதவு திறக்க, கை ஆட்ட என்று சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சர்வோ மோட்டார் கேட்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். பலகையின் 3 வோல்ட் முனையில் மாட்டினால் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்காமல் பலகை அணைந்து அணைந்து எரியும். மூன்று ஏஏ மின்கலத்தைத் தனியே கொடுத்து, அந்த மின்கலத்தின் எதிர்முனையை மட்டும் பலகையின் ஜிஎன்டி (தரை) முனையோடு சேருங்கள். வானொலி வழியே செய்தி அனுப்பும் குழுக்களுக்குத் தனித்தனிக் குழு எண் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் அழுத்துவது அடுத்த மேசையில் ஒளிரும்.

ஒரு குறை நமக்கு உறுத்தும்: உருளும் எழுத்தில் தமிழ் வராது. 'ப', 'ட' இரண்டையும் ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் புள்ளி வைத்து அழகாக வரையலாம், 'ழ' அடங்காது. வெப்பமானியும் சில்லின் சூட்டைத்தான் காட்டும், அறையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

முதல் இரண்டு வாரம் பலகையைக் கண்ணில் காட்டாதீர்கள். வீட்டிலும் பள்ளியிலும் தொந்தரவு தருபவை மூன்றை ஒவ்வொருவரும் எழுதட்டும். முன்னதாகக் கொடுத்தால் இதயப்படத்தை மின்னவைப்பதோடு பலர் நின்றுவிடுவார்கள்.

முப்பது பேருக்குப் பதினைந்து பலகை போதும். கவ்வியும் சர்வோவும் கோலாலம்பூர் புடுவில் ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளில் தேடலாம். பலகை வாங்கும்போது முன்புற முகச்சின்னத்தைப் பாருங்கள்: தங்கநிறமாக இருந்தால் இரண்டாம் பதிப்பு.