மைக்கா, கைப்பிரதியா, டீக்கடை வாசலா?

எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்துக்கு, தெருவில் சுவிசேஷம் சொல்லும் ஊழியத்துக்கென்று இந்த ஆண்டு 10,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். மைக் செட்டுக்கு என்று ஒரு கட்சி, கைப்பிரதி, அதாவது துண்டுப் பிரசுரம், அச்சிட என்று ஒரு கட்சி. இரண்டையும் பல வருடம் செய்துவிட்டு நிறுத்தியவன் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. இரண்டும் வேண்டாம், சனிக்கிழமை சாயங்காலம் ஒரு டீக்கடை வாசலில் போய் நின்று முன்பின் தெரியாதவர்களோடு பேசுங்கள் என்றேன். "அதற்கு எதற்குப் பத்தாயிரம்?" என்று பொருளாளர் கேட்டார். அன்றைக்கு அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன். நான் பாளையங்கோட்டைக்காரன், வேறு ஊரில் கணக்கு வேறாக இருக்கலாம்.

மைக்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சத்தம், போக்குவரத்து இடைஞ்சல், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் சாபம், இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் கூடாது. அனுமதிக்கு அலைவதிலேயே பாதி உற்சாகம் வடிந்துவிடும். ஆனாலும் பழைய ஆட்கள் தெருப்பிரசங்கத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். திருநெல்வேலிச் சீமையில் அதற்கு வேர் ஆழம். மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார்கூட, டோனாவூரில் குழந்தைகளுக்கு இல்லம் அமைப்பதற்கு முன்னால், தமிழ்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனவர்தான். கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றை ஆர்மோனியத்தோடு எடுத்தால் இன்றைக்கும் முச்சந்தியில் பத்துப் பேர் நிற்பார்கள். பாட்டு ஆளைக் கூட்டும்.

வில்லங்கம் பாட்டு முடிந்த பிறகுதான். ஒரு கிராமத்தில் கூட்டம் முடிந்து ஸ்பீக்கர் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தோம். பாத்திரம் தேய்த்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஒரு பாட்டி வந்தார். "தம்பி, செத்தவர்களைப் பற்றி ஏதோ சொன்னாயே, அதை இன்னொரு தடவை சொல்" என்றார். டிரைவர் ஹாரன் அடித்தார். அடுத்த ஊரில் ஏழரை மணிக்கு அனுமதி. "அடுத்த தடவை வரும்போது சொல்கிறேன் பாட்டி" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். அந்த ஊருக்கு நாங்கள் மறுபடி போகவேயில்லை. அந்த ஆம்ப்ளிஃபயர் இப்போது வருடத்துக்கு ஒருமுறை சபை விருந்தான அசனத்தன்று "அடுத்த பந்தி உட்காரலாம்" என்று அறிவிக்கப் பயன்படுகிறது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது.

கைப்பிரதி மலிவு, கூச்சமில்லை, ஒரு மணி நேரத்தில் 400 கொடுத்துவிடலாம். ஐக்கியக் கூட்டத்தில் அறிக்கை வாசிக்க அதைப்போல வசதியான ஊழியம் கிடையாது. பஸ் நிலையத்தில் கொடுத்து முடித்த ஒரு நாள், வடை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் நான் கொடுத்த பிரதியை நான்காக மடித்து, அதில் தன் உளுந்த வடையை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். எண்ணெய் ஊறி ஊறி, உள்பக்கத்தில் இருந்த 'நித்திய ஜீவன்' வெளியே தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அவர் சங்கடப்பட்டு, "நல்ல தாள், அண்ணாச்சி" என்றார்.

இதைச் சொல்லிக் கைப்பிரதிக்காரர்களைக் கேலி செய்வது சுலபம். ஆனால் எங்கள் சபையிலேயே, பஸ் சீட்டில் யாரோ விட்டுப்போன பிரதியைப் படித்துவிட்டுச் சபைக்கு வந்தவர் ஒருவர் இருக்கிறார். நேரில் பேச வெட்கப்படுகிறவர், வீட்டில் தெரிந்தால் சண்டை வரும் என்று பயப்படுகிறவர், இவர்களுக்கெல்லாம் ராத்திரி தனியாகப் படிக்கும் ஒரு தாள்தான் தோது. அதோடு 19-ஆம் நூற்றாண்டில் இந்தத் துண்டுப் பிரசுரங்கள் தமிழில் எவ்வளவு பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பின என்பதையும் நினைக்க வேண்டும். பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணை நின்ற ஆறுமுக நாவலரே, 1854-ல் 'சைவதூஷண பரிகாரம்' எழுதி மிஷனரிகளுக்குப் பதில் கொடுத்தார். எனக்கு அந்தக் காலத்தின் மேல் ஒரு பொறாமை உண்டு. எழுதியவர் யார், எங்கே இருக்கிறார் என்று படித்தவருக்குத் தெரிந்திருந்தது. பதில் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. நாங்கள் கொடுத்த பிரதியின் பின்பக்கத்தில் அச்சகத்தின் பெயர் மட்டும்தான் இருந்தது.

இனி டீக்கடை வாசல். சந்தைவெளியில் எதிர்ப்பட்டவர்களோடு பவுல் தினமும் பேசியதாக வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பு அதற்குப் போட்ட சொல் 'சம்பாஷணை'. பிரசங்கம் என்று போடவில்லை. சம்பாஷணை என்றால் இரண்டு பக்கமும் வாய் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் காது இருக்க வேண்டும்.

தொடக்கத்தில் எங்களுக்கு அது வரவில்லை. ஒரு பயிற்சிக் கூட்டத்தில் சொல்லிக்கொடுத்த கேள்வியை அப்படியே கேட்டோம்: "இன்று இரவு நீங்கள் மரித்தால் எங்கே போவீர்கள்?" வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் தாரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "சிந்துபூந்துறைக்கு." எங்கள் பக்கத்துச் சுடுகாடு அது. சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள், நாங்களும் சிரித்துவிட்டோம். அன்றோடு அந்தக் கேள்வியை விட்டோம். சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார். எத்தியோப்பிய மந்திரியிடம் பிலிப்பு, படிப்பது புரிகிறதா என்று கேட்டுத்தான் தொடங்கினார். நாங்களும் கேட்கப் பழகினோம். எந்த ஊர், என்ன வேலை, மழை உண்டா, பிசான நெல்லுக்குத் தண்ணீர் வந்ததா. இரண்டு பேச்சு போனால் அவர்களே, "நீங்கள் என்ன வேலையாக இங்கே நிற்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். அப்போது ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்: நான் கிறிஸ்தவன், அதைப் பற்றிப் பேசத்தான் நிற்கிறேன், விருப்பமில்லை என்றால் டீயோடு விட்டுவிடலாம். பாதிப் பேர் டீயோடு விட்டுவிடுவார்கள். பஸ் நிலையம் இதற்கு உதவாது. அங்கே எல்லார் கண்ணும் பஸ்ஸின் மேல்தான்.

இதை நாங்கள் கண்டுபிடித்ததாகச் சொன்னால் தரங்கம்பாடியில் சிரிப்பார்கள். 1706-ல் அங்கே வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். 1712 முதல் 1714 வரை தமிழர்களிடம் அவர்களுடைய மதத்தையும் வாழ்க்கையையும் பற்றிக் கடிதத்தில் கேள்வி கேட்டு வாங்கிய பதில்களை ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே அவை அச்சாயின. 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவரும் அவர்தான். ஒரு பக்கம் அச்சுக்கூடம் நடத்தினார், மறுபக்கம் கேட்டுக்கொண்டும் இருந்தார். நாம் அச்சுக்கூடத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம் என்பது என் குறை.

பொருளாளர் பார்க்கும் கணக்கில் இந்த முறை தோற்றுப்போகும். ஒரு சாயங்காலம் நின்றால் மூன்று பேர், நல்ல நாளில் நான்கு பேர். மைக்குக்கு 200 காது, கைப்பிரதிக்கு 400 கை. நான் பார்க்கும் கணக்கு ஒன்றே ஒன்று: அடுத்த சனிக்கிழமை. இன்றைக்குப் பேசிய ஆளுக்கு வீட்டுக்குப் போன பிறகு ஒரு கேள்வி முளைத்தால், அதை எடுத்துக்கொண்டு எங்கே போவார்? அந்த ஓர் இடத்தைக் கொடுக்க முடிந்தால்தான் பேசியதற்குப் பொருள். வேனில் போனவனைத் தேட முடியாது. தாளிடம் கேட்க முடியாது. அதே கடையில், அதே நேரத்தில், அதே ஆள் நின்றால் தேடி வருவார்கள். உடனே வர மாட்டார்கள்.

கடைக்குப் பக்கத்தில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரைச் சொல்கிறேன். முதல் இரண்டு மாதம் அவர் எங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் மற்றவர்களோடு பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டே வேலை பார்ப்பார். ஒரு நாள் கழிவுப் பஞ்சால் கை கிரீஸைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். "போன மாதம் மன்னிப்பு என்று ஏதோ பேசினீர்கள். நானும் என் அண்ணனும் பேசி மூன்று வருடம் ஆகிறது. இடத் தகராறு. தப்பு அவன் பக்கம். யார் முதலில் போக வேண்டும்?" போன மாதம் நான் என்ன பேசினேன் என்றுகூட எனக்கு நினைவில்லை. தெரிந்த வசனத்தைச் சொன்னேன். "வசனம் இருக்கட்டும், நீங்கள் போவீர்களா?" என்றார். எனக்கும் பேசாத ஒரு மைத்துனர் உண்டு. அதைச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் எங்களுக்குள் பேச்சு பேச்சாக ஆனது.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை உறவுக்காரக் கல்யாணத்துக்காக நான் போகவில்லை. மறுவாரம் போனபோது அவர் ஸ்பானரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "போன வாரம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். நீங்கள் இல்லை." அவ்வளவுதான். கோபமில்லை. அந்த அண்ணனை நான் இதுவரை பார்த்ததில்லை. பட்டறைக்காரர் இன்றைக்கும் நெற்றியில் திருநீறோடுதான் இருக்கிறார், நாங்களும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். இந்த முறையின் பராமரிப்புச் செலவு இதுதான். மைக் கெட்டால் பழுது பார்க்கலாம், பிரதி தீர்ந்தால் அச்சிடலாம். ஒரு சனிக்கிழமை போனால் போனதுதான்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும், வாலிபர்களுக்கு அதில் பயம் உண்டு. அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. ஆனால் இன்னொருவரை மதம் மாற்றுவது அந்த உரிமையில் அடங்காது, தன் கொள்கையை எடுத்துச் சொல்வதே அதன் பொருள் என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. டீக்கடைப் பேச்சு அந்த எல்லைக்குள் நிற்கிறது, நிற்க வேண்டும். அதனால் எங்களுக்குள் இரண்டு கட்டுப்பாடு. பண உதவி கேட்டால் அந்த இடத்தில் கொடுப்பதில்லை, வாக்கும் தருவதில்லை. நோய்க்கு ஜெபிக்கச் சொன்னால் ஜெபிக்கலாம், சுகமாகும் என்று சொல்லக் கூடாது. டீக்கு யார் காசு கொடுப்பது என்று ஒரு மாதம் சண்டை போட்டிருக்கிறோம். இப்போது முதல் டீ அவரவர் காசு; இரண்டாவது டீக்கு எங்களோடு பேசுகிறவர் கொடுத்தால் மறுக்காமல் குடிப்பது.

எனக்குத் தெரியாததும் நிறைய. ஆண்கள் நிற்கும் கடைவாசல்தான் என் அனுபவம். என் மனைவி இதையே ரேஷன் கடை வரிசையில் செய்கிறாள், அவளுடைய முறை வேறு. பெண்கள் முதலில் ஆளைப் பற்றி விசாரித்து முடித்துவிட்டுத்தான் சாமியைப் பற்றிப் பேசுவார்கள் என்பாள். மதமாற்றத் தடைச் சட்டம் உள்ள மாநிலங்களில் தெருவில் நின்று பேசியதில்லை, அங்கே இருப்பவர்களுக்கு நான் யோசனை சொல்லக் கூடாது. கல்லூரிப் பிள்ளைகளிடம் இது எடுபடுமா என்றும் சந்தேகம்தான். அவர்கள் காதில் ஏற்கெனவே ஏதோ மாட்டியிருக்கிறது.

பத்தாயிரத்துக்குக் கணக்கு இதோ. கேட்டவருக்கு மட்டும் கொடுக்கச் சின்னப் புதிய ஏற்பாடுகள் கொஞ்சம். சபை முகவரியும் 'சனிக்கிழமை 5 மணி' என்பதும் பின்பக்கத்தில் அச்சான கைப்பிரதி ஓர் ஆயிரம். பேசி முடித்த பிறகு கொடுக்க. மிச்சம் பொருளாளரிடமே இருக்கட்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எந்தச் சனிக்கிழமைக்கு எந்த இரண்டு பேர் என்று எழுதச் சொன்னேன். அக்டோபர் வரை நிரம்பிவிட்டது. நவம்பரில் மூன்று சனிக்கிழமைகளுக்கு இன்னும் ஒருவரும் பெயர் எழுதவில்லை.