அருஸா, ரஷ்ஷா? கேட்ட தம்பிக்காக

தெரிந்த தம்பி ஒருவர் ஏழு பேர் உட்காரும் பழைய கார் தேடுகிறார். "அருஸ் எடுக்கலாமா, ரஷ் எடுக்கலாமா, அண்ணே?" என்று கேட்டார். என்னிடம் இருப்பது நம் மலேசிய கார் நிறுவனமான பெரோடுவாவின் அருஸ், மச்சானிடம் இருப்பது டொயோட்டா ரஷ். பேராக்கில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டத்துச் சாலைகளில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறவன் நான்.

இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். வடிவமைத்தது ஜப்பானின் டைஹாட்சு, இங்கே பாகங்களைப் பூட்டி வண்டியாக்கியது ரவாங்கில் உள்ள பெரோடுவா ஆலை. அதே 1.5 லிட்டர் இன்ஜின், அதே நாலு கியர் ஆட்டோ. ரஷ் 2018 அக்டோபரில் வந்தது, அருஸ் 2019 ஜனவரியில். அப்போது அருஸ் 72,900 வெள்ளியில் (ரிங்கிட்) தொடங்கியது, ரஷ் 93,000 வெள்ளியில். டைஹாட்சு வண்டி வேறு பெயரில் வருவது புதுப் பழக்கமும் இல்லை. 1998இல் வந்த பெரோடுவா கெம்பாராவும் டைஹாட்சு டெரியோஸ்தான். அதைத் தோட்டத்தில் ஓட்டிய கிராணிமார் (தோட்டத்து எழுத்தர்கள்) யாரும் ஜப்பான் பெயர் இல்லையே என்று வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

நான் சொல்ல வந்தது பின் சக்கர இழுவையைப் பற்றி. வாங்கும்போது அதை நான் பெரிதாக நினைக்கவே இல்லை. மாமியார் வீட்டுக்குப் போகும் வழி செம்பனைக் காட்டுக்குள் ஏறி இறங்கும் செம்மண் பாதை. குலை ஏற்றிப் போகும் லாரிகள் அதை உழுது வைத்திருக்கும். மழை பெய்த மறுநாள், பின் வரிசை வரை ஆள் ஏற்றிக்கொண்டு அந்த மேட்டில் ஏறிப் பாருங்கள். ஏற்றத்தில் பாரம் பின்னால் சாயும், இழுக்கிற சக்கரமும் அங்கேதான் இருக்கிறது, வண்டி மண்ணைக் கவ்விக்கொண்டு ஏறும். முன் சக்கரத்தால் இழுக்கிற கார்களுக்கு அதே இடத்தில் முன்பக்கம் லேசாகிவிடும், சக்கரம் சும்மா சுற்றும். தரைக்கும் அடிப்பாகத்துக்கும் 220 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதால் நடுவில் மேடு தட்டிய இடத்திலும் நெஞ்சு படபடக்காது. ஒன்று, இது நாலு சக்கர இழுவை இல்லை. சேற்றுக் குழியில் இறக்கிவிட்டு என்னைத் திட்டக்கூடாது.

நெடுஞ்சாலையில் இந்தச் சந்தோஷம் இல்லை. நாலு கியர்தான் என்பதால் 110இல் போகும்போது இன்ஜின் சத்தம் பேச்சுக்குள் புகுந்துவிடும். சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறினால், கியர் குறைந்து வண்டி அலறும், பாட்டை நிறுத்திவிட வேண்டியதுதான். ரஷ்ஷும் அப்படியேதான் அலறும். மச்சான் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

எரிச்சல் வண்டியால் வந்ததில்லை. போன மாதம் பின் அப்சோர்பர் (குலுக்கலைத் தாங்கும் பாகம்) போய்விட்டது, அந்தச் சாலையில் அது கெடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரு வண்டிச் சாமான் கடையில் அருஸுக்கு என்று விலை கேட்டேன், சொன்னார்கள். மச்சான் போன் போட்டு ரஷ்ஷுக்கு என்று கேட்டார், அதே கடை கூடுதலாகச் சொன்னது. ஒரே பிராண்டா என்று கேட்டால், "உங்களுக்கு எதுக்கு அண்ணே அதெல்லாம்?" என்று பதில். அப்புறம் மச்சானும் அருஸ் என்று சொல்லியே வாங்க ஆரம்பித்துவிட்டார். கோயில் வாசலில் மட்டும் அவர் வண்டி டொயோட்டா.

நியாயமாகச் சொன்னால் ரஷ்ஷின் விலை கூடிய ரகத்தில் ஒரு நல்ல வசதி உண்டு. கண்ணுக்குப் படாத பக்கத்தில் வண்டி வந்தால் பக்கக் கண்ணாடியில் விளக்கு எரியும். என்னுடையதில் இல்லை. ஈப்போவில் தடம் மாறும்போது அதன் அருமை தெரிகிறது. ஆனால் புதிதில் அதற்காக இருபதாயிரம் வெள்ளி? வாய்ப்பே இல்லை.

சரி, தம்பி, முடிவு இதுதான். ரஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி நல்லது என்று இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் இப்படி என்றால், கல்யாண வீடு, சாவு வீடு எங்கே போனாலும், "கொஞ்சம் போட்டு டொயோட்டாவே எடுத்திருக்கலாமே" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. உங்களுக்கு அந்தப் பொறுமை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். விலை வித்தியாசம் அதிகமாக இருந்தால் மட்டும் அருஸ். எதைப் பார்க்கப் போனாலும் கீழே குனிந்து பின் அப்சோர்பரில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். செம்மண் ஒட்டியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.