நியூ ஜெர்சியில் மனை வாங்குகிறீர்களா? இந்த மாதிரி ‘வெட்லேண்ட் ரிப்போர்ட்’டை நம்பி க்ளோசிங் (கிரயம் முடிக்க) போகாதீர்கள்

ஹண்டர்டன் கவுண்டியில் வீடு கட்ட ஒன்றரை ஏக்கர் மனை பார்த்தோம். பின்பக்கம் தாழ்வு, மழை பெய்தால் சொதசொதவென்று இருக்கும். ஈரநிலம் (வெட்லேண்ட்) என்று பெர்மிட் மறுத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான், ஏஜென்ட் கைகாட்டிய கன்சல்டன்டுக்குப் பணம் கட்டினோம். நம்ம ஊர்க்காரர்தான். விஷயம் வக்கீலிடம் இருப்பதால் பெயர் போடவில்லை.

அவர் கொடுத்தது இரண்டே தாள். ஒன்று, தேசிய ஈரநில வரைபடத்தின் பிரின்ட். எங்கள் மனைமேல் பச்சை இல்லை. அந்த வரைபடம் இணையத்தில் இலவசம். வானிலிருந்து எடுத்த படங்களை வைத்து வரைந்தது, சட்ட எல்லையைக் காட்டாது என்று வெளியிடும் துறையே சொல்கிறது. இன்னொன்று, 2023 மே மாத சாக்கெட் தீர்ப்பைக் காட்டி ‘பிரச்சினை இல்லை’ என்ற கடிதம். ஃபோனில் இன்னும் அடித்துச் சொன்னார்: “அண்ணா, சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு. இனி யாரும் வந்து கேக்க மாட்டாங்க.”

தீர்ப்பு நிஜம்தான். ஐடஹோவில் ப்ரீஸ்ட் ஏரிப் பக்கம் சாக்கெட் தம்பதி வீடு கட்ட மண் கொட்டியதை 2007-ல் ஃபெடரல் சுற்றுச்சூழல் துறையான இ.பி.ஏ. தடுத்தது. கடைசியில், ஆறுகள், ஏரிகளோடு மேற்பரப்பில் தொடர்ச்சியாக ஒட்டியிருக்கும் ஈரநிலம் மட்டுமே 1972-ன் ஃபெடரல் சுத்த நீர்ச் சட்டத்துக்குள் வரும் என்றாகிவிட்டது. பல மாநிலங்களில் பில்டர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் நியூ ஜெர்சிக்கு 1987-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. எதனோடும் ஒட்டாத ஈரநிலமும் அதில் அடக்கம். ஃபெடரல் பெர்மிட் வேலையைக்கூட 1994 முதல் பெரும்பாலும் மாநிலச் சுற்றுச்சூழல் துறையான டி.இ.பி.தான் பார்க்கிறது. இங்கேயே தொழில் செய்பவருக்கு இது தெரியாதாம்!

டவுன்ஷிப் கேள்வி கேட்ட பிறகு வேறொருவரை அழைத்தோம். மண் துளைக்கும் கருவியை இறக்கி ஒரு பிடி எடுத்துக் காட்டினார். ஒரு அடிக்குள்ளேயே சாம்பல் நிறம், நடுவே துருப் புள்ளிகள்: தண்ணீர் தேங்கும் மண்ணின் அடையாளம். நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, காலடியில் கிடந்த, ஈரநிலத்தில் வளரும் ஸ்கங்க் கேபேஜ் செடியின் இலையைக் கசக்கி முகரச் சொன்னார். குடலைப் பிடுங்கும் நாற்றம். மண், செடி, தண்ணீர் மூன்றையும் பார்த்துப் பார்த்து ஈரநில எல்லைக்குப் பிங்க் கொடி நட்டுக்கொண்டே மனையின் பாதிவரை வந்துவிட்டார்.

அதோடு விட்டதா? அருகிவரும் ஆமை வாழும் பகுதி என்று மாநில வரைபடத்தில் இருப்பதால், கொடியிலிருந்து இன்னும் 150 அடி கட்டாமல் விடவேண்டும். சாதாரண இடம் என்றால் 50 அடிதான், அல்லது அதுவும் இல்லை. வீட்டுக்கு வரைந்த இடம் மொத்தமும் அந்த 150 அடிக்குள். விலக்குக் கேட்கலாம், அதற்குத் தனிச் செலவு.

ஈரநிலம் எதுவரை என்று உறுதிசெய்து டி.இ.பி. தரும் ‘லெட்டர் ஆஃப் இன்டர்பிரடேஷன்’தான் இங்கே செல்லும். அது கைக்கு வந்தால்தான் க்ளோசிங் என்று கான்ட்ராக்டிலேயே எழுதச் சொல்லுங்கள். மனையில் எங்கெங்கே குழி போட்டீர்கள் என்று கன்சல்டன்டிடம் கேளுங்கள். எங்களிடம் முதலில் வந்தவர் காரைவிட்டே இறங்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் பிறகுதான் சொன்னார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், “எங்க கடிதம் ஃபெடரல் சட்டத்துக்கு மட்டும்தான், கீழே போட்டிருக்கே” என்கிறார். போட்டிருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் எழுத்தில். போன வாரமும் நம் தமிழ் வாட்ஸாப் குழுவில் அவர் விளம்பரம் வந்தது, “வெட்லேண்ட் கிளியரன்ஸ், மூன்றே நாளில்” என்று.