புவெனஸ் ஐரிஸ் போறீங்களா? டாலரை நீட்டறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

அர்ஜென்டினா போறேன்னதும் முதல் தடவை போறவங்களுக்கு டிப்ஸ் எழுதுங்கன்னு நிறைய பேர் கேட்டீங்க. எழுதறேன்னு சொல்லியிருந்தேன். இப்போ 400 டாலரைப் பறிகொடுத்துட்டு வயிறெரிஞ்சு உட்கார்ந்திருக்கேன், அதனால முதல்ல இது.

தங்கின வீடு ஒரு வாடகை ஆப்ல புக் பண்ணது. வீட்டுக்காரன் அவ்வளவு தன்மை. பெட்டியை மாடி வரைக்கும் தூக்கிட்டு வந்தான், மேப்ல பேனாவால கோடு போட்டு வழி காட்டினான். "ஃப்ளோரிடா தெருவுல 'காம்பியோ, காம்பியோ'ன்னு கூவி டாலர் மாத்தறவங்ககிட்ட போயிடாதீங்க, ஏமாத்திடுவாங்க. எனக்குத் தெரிஞ்ச இடம் இருக்கு, நானே கூட்டிட்டுப் போறேன்"னான். இப்படி எச்சரிக்கிறவனை யாருங்க சந்தேகப்படுவா?

அதே தெருவுல ஒரு பழைய காம்ப்ளெக்ஸ், மாடியில போர்டு இல்லாத ரூம். லைசென்ஸ் இல்லாம பணம் மாத்தற இந்த மாதிரி இடத்தை 'குவேவா'ம்பாங்க அங்கே. கண்ணாடிக்குப் பின்னால ஒருத்தன். நூறு டாலர் நோட்டு ஆறு கொடுத்தேன். ஒவ்வொண்ணா வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தான், குனிஞ்சு டிராயரைத் திறந்தான், நிமிர்ந்து நாலு நோட்டைத் திருப்பித் தள்ளினான். "கறை இருக்கு, வேணாம்." ரெண்டுக்கு மட்டும் அந்த ஊர்ப் பணம், பெசோ. கறை நோட்டு, சின்னத் தலை போட்ட பழைய நோட்டு எல்லாம் அந்த ஊர்ல முகம் சுளிச்சுத்தான் வாங்குவாங்க, அதனால அவன் சொன்னது இயல்பாத்தான் இருந்துச்சு. கள்ள பெசோ தலையில கட்டிடுவானோன்னு ஒவ்வொரு தாளா தடவிப் பார்த்து எண்ணினேன். எல்லாம் நல்ல நோட்டு. திரும்பி வந்த என் டாலரைச் சோதிக்கணும்னு யாருக்குத் தோணும்?

மறுநாள் லைசென்ஸ் உள்ள எக்ஸ்சேஞ்ச்ல அந்த நாலையும் நீட்டினேன். அந்தப் பொண்ணு சாய்ச்சுப் பார்த்தா. அசல் நோட்டுல நீலப் பட்டையைச் சாய்ச்சா அதுக்குள்ள இருக்கற மணிப் படம் 100-ஆ மாறும். இதுல வெறும் நீலக் கோடு அச்சடிச்சிருக்கு. நாலுமே கள்ள நோட்டு.

நேரா குவேவாவுக்கு ஓடினேன். "நேத்து நான் லீவு"ங்கறான், அதே ஆள்! வீட்டுக்காரன் மெசேஜைப் பார்த்துட்டு ராத்திரி வரைக்கும் பதில் போடல, அப்புறம் "ஊர்லேருந்தே அப்படிக் கொண்டு வந்திருப்பீங்க"ன்னான். ஆப்காரங்க? "தளத்துக்கு வெளியே நடந்த பணப் பரிமாற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல." திரும்ப எழுதினா வேற பேர்ல இன்னொருத்தர், அதே வரி. 400 டாலர்ங்க, நம்ம காசுல 35,000 ரூபா பக்கம்! இதுக்கு நடுவுல "உங்கள் தங்கல் எப்படி இருந்தது? ஸ்டார் கொடுங்கள்"னு நோட்டிஃபிகேஷன் வேற.

2025 ஏப்ரல்ல டாலர் கட்டுப்பாட்டைத் தளர்த்தின பிறகு பேங்க் ரேட்டுக்கும் தெரு ரேட்டுக்கும் பழைய மாதிரி பெரிய வித்தியாசமே கிடையாது. 'தெருவுல மாத்தினா டபுள்'னு சுத்தற வீடியோ எல்லாம் பழைய கதை.

டிப்ஸ்னா இப்போதைக்கு இவ்வளவுதான். டாலரைக் கொடுக்கறதுக்கு முன்னாடி அவன் கண்ணெதிர்லயே சீரியல் நம்பரை போட்டோ எடுங்க. நோட்டு கவுன்டருக்குக் கீழே போச்சுன்னா அங்கேயே சத்தம் போடுங்க. கார்டு நிறைய இடத்துல ஓடுது, அதையே தேயுங்க. சட்டையில சாஸ் கொட்டிட்டு துடைச்சு விட வர்றவங்க பர்ஸுக்குத்தான் வர்றாங்க. சுப்தேங்கற மெட்ரோ ரயில்ல போனை வெளியே எடுக்காதீங்க. சான் தெல்மோ ஞாயித்துக்கிழமை சந்தை, ரெகோலெத்தா கல்லறை பத்தியெல்லாம் மனசு வந்தா எழுதறேன். 400 டாலர்...